கசடும் சிமெண்டும்: 'மாற்று' என்னும் சொல்லின் பொருள்

ஒன்றை மற்றொன்றுக்கு 'மாற்று' என்று கூறுவதாயின், முன்னது செய்த தொழிலைப் பின்னது செய்தல் வேண்டும். கழிவுநீர்க் கசட்டைக் கான்கிரீட்டில் சிமெண்டின் ஒரு பகுதிக்கு மாற்றாக இடலாம் எனப் பல ஆண்டுகளாக ஆய்வுகள் வெளிவருகின்றன. அவற்றை இவ்வளவுகோல் கொண்டு ஆராய்தல் தகும்.

பினாங்கு மக்களுக்கு இப்பொருள் அயலானதன்று. ஜார்ஜ் டவுன் கடைவீடுகளின் பின்சந்துகளில் ஒரு காலத்தில் வாளிகளில் அகற்றப்பட்ட கழிவு, இன்று நிலத்தடிக் குழாய்களின் வழியே ஜெலுத்தோங் சுத்திகரிப்பு நிலையத்தை அடைகிறது. தெளிந்த நீர் வெளியேறக் கசடு எஞ்சுகிறது. இயந்திரத்தால் பிழிந்த பின்னரும் இத்தகைய கசட்டில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீரே. தீவில் அதனைக் குவிக்க இடம் அரிது. மறுபுறம், மனிதர் செயலால் வெளிப்படும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 8 விழுக்காடு சிமெண்டுத் தொழிலால் விளைகிறது. இவ்விரு சுமைகளையும் ஒருங்கே குறைக்க எழுந்த எண்ணம் பாராட்டுக்குரியது. ஆயினும் எண்ணத்தின் நன்மை முடிவின் உண்மைக்குச் சான்றாகாது.

முதற்குறை சொல்லில் உள்ளது. உலர்த்திய கசடும், எரித்த கசட்டின் சாம்பலும் ஒரே பெயரால் வழங்கப்படுகின்றன. உலர்ந்த கசட்டிலுள்ள உயிர்ப்பொருள் சிமெண்டு இறுகுவதைத் தடுக்கும். சாம்பலிலோ மணற்சத்தும் களிமண்சத்தும் உள்ளன. சிமெண்டு நீருடன் கூடும்போது வெளிப்படும் சுண்ணாம்புடன் அவை மெல்ல இணையக்கூடும். பழங்கொத்தர் சுண்ணாம்பில் கலந்த செங்கற்பொடியாகிய சுர்க்கியின் தொழிலும் இதுவே. எனினும் சாம்பலிலுள்ள பாஸ்பரசும் துத்தநாகமும் இறுகுதலைத் தாமதிக்கச் செய்யும். அதன் நுண்துளைத் துகள்கள் நீரை உறிஞ்சுவதால் கலவையும் விறைத்துப்போகும்.

இரண்டாங்குறை ஒப்பீட்டில் உள்ளது. பத்து விழுக்காடு சிமெண்டை நீக்கிச் சாம்பல் இட்ட கட்டி, பழைய வலிமையில் தொண்ணூறு விழுக்காடு தாங்கினால், சாம்பல் தன் பங்கைச் செய்தது என்று கூறவியலுமா? அதே நுண்மையில் அரைத்த மணலை இட்டாலும் அவ்வளவு கிடைக்கலாம். ஆகவே மணற்பொடி இட்ட கட்டியையும் உடன் வைத்துச் சோதித்தாலன்றித் தீர்ப்பு முழுமை பெறாது. சிங்கப்பூர் ஆய்வாளர் தே ஜூ ஹுவா 1987இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே கசட்டுச் சாம்பலை 'நிரப்பி' என்று குறித்தார். அச்சொல்லடக்கம் போற்றத்தக்கது. மலேசியாவில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் வீட்டுக் கழிவின் கசட்டுப்பொடியைச் சோதித்தபோதும், பொடியின் அளவு கூடக்கூட வலிமை குறைந்தது.

மூன்றாவது, இழப்புக் கணக்கு. பயிருக்கு உயிரான பாஸ்பரசு கசட்டுச் சாம்பலில் மிகுதி. சுவருக்குள் புகுந்தபின் அது வயலுக்குத் திரும்பாது. இதனை உணர்ந்தே ஜெர்மனி 2017இல் வகுத்த விதி, பெரிய சுத்திகரிப்பு நிலையங்களின் கசட்டிலிருந்து 2029 முதல் பாஸ்பரசை மீட்குமாறு பணித்தது. மலேசியாவிலோ மணற்சத்து நிறைந்த செம்பனை ஆலைச் சாம்பல் ஏராளம். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமே அதனைக் கான்கிரீட்டுக்காக ஆராய்ந்துள்ளது. அது கையிருக்கக் கசட்டை ஏன் நாட வேண்டும் என்னும் வினாவுக்கு ஆய்வாளர் விடை கூறக் கடமைப்பட்டவர்.

இவற்றால் கசட்டுச் சாம்பலை முற்றும் தள்ளுதல் முறையாகாது. சிங்கப்பூர் போலக் கசட்டை முன்னரே எரிக்கும் ஊர்களில் சாம்பல் எப்படியும் கிடைக்கிறது. அதனை நடைபாதைக் கற்களுக்கும், சுமை தாங்காத கட்டிகளுக்கும் பயன்படுத்தலாம். அங்கும், மழைநீரில் நச்சு உலோகங்கள் கசிகின்றனவா என்னும் சோதனை முடிவு வலிமைக் கணக்குடன் வெளிவருதல் வேண்டும். புதிதாக எரிக்கத் தொடங்கும் ஊரோ, அந்த ஐந்தில் நான்கு பங்கு நீரை ஆவியாக்கச் செலவாகும் எரிபொருளையும் சேர்த்தே எண்ண வேண்டும். அக்கணக்கை விட்டுவிட்டுச் சிமெண்டு மிச்சமாயிற்று என்பது, வரவை எழுதிச் செலவை மறைத்த ஏடு போன்றதே. மணற்பொடியை வென்று காட்டும்வரை, 'நிரப்பி' என்பதே கசட்டுச் சாம்பலுக்கு நேர்மையான பெயர்.