வீட்டுப் பானையும் கடைக் கொடியும்

சங்கப் பாட்டுகளில் கள் வருகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்தவர்களில் பாதிப் பேர் அதைச் சொல்லிச் சந்தோஷப்படுகிறார்கள். மற்றப் பாதிப் பேர் வெட்கப்பட்டுக்கொண்டு, ‘அது கள் அல்ல, தேன்’ என்று சமாதானம் சொல்கிறார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் ஒன்றைக் கவனிப்பதில்லை. குடிப்பதைப் பற்றிப் பாடுவது வேறு, குடிக்கிற பொருளைச் செய்வதைப் பற்றிப் பாடுவது வேறு. குடியைப் பற்றி எந்தக் கவிஞனும் பாடிவிடலாம். செய்வதைப் பற்றிப் பாட அருகே நின்று பார்த்திருக்க வேண்டும்.

அப்படிப் பார்த்த கவிஞர் ஒருவர் நமக்கு உண்டு. அவர் பெயர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். காஞ்சியில் ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மேல் அவர் பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகள் கொண்ட பாட்டு. பாணன் ஒருவன் பரிசு பெறப் போகும் வழியிலே, வலைஞர் குடியிருப்பு ஒன்று வருகிறது. அங்கே ஒரு மது தயாராகிறது. நன்றாகத் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி வேகவைக்கிறார்கள். அதை வாய் அகன்ற பிழா என்னும் தட்டிலே பரப்பி ஆறவிடுகிறார்கள். ஆறிய பிறகு முளையை இடித்து அதில் கலக்கிறார்கள். அந்த முளைக்கு ஓர் உவமை: பாம்பு வாழும் புற்றுக்குள்ளே இருக்கும் புற்றாஞ்சோறு. பிறகு உறுதியான வாயுள்ள சாடியில் இட்டு, இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்திருந்து, வெந்நீர் விட்டு விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். மொத்தம் ஏழெட்டு அடிகள்தாம்.

இந்த அடிகளுக்குப் பண்டிதர்கள் உரை எழுதியிருக்கிறார்கள். நச்சினார்க்கினியர் எழுதினார். உ. வே. சாமிநாதையர் 1889இல் அந்த உரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் தீராதது. ஆனாலும் இந்த ஏழெட்டு அடிகளுக்கு மிகச் சிறந்த வாசகன் யார் என்று கேட்டால், வீட்டிலே பொழுதுபோக்காக பீர் செய்கிற ஒருவன் என்றுதான் நான் சொல்வேன்.

மேல்நாடுகளில் அப்படி ஒரு கூட்டம் இருக்கிறது. சிலர் தபால் தலை சேர்ப்பதுபோல, சிலர் ரோஜா வளர்ப்பதுபோல, அவர்கள் பின்கட்டில் ஒரு பானையை வைத்துக்கொண்டு பீர் செய்கிறார்கள். இங்கிலாந்தில் இதற்கு லைசென்ஸ் வேண்டியிருந்தது. 1963ஆம் வருஷத்து பட்ஜெட்டில் நிதி மந்திரி ரெஜினால்ட் மாட்லிங் அந்த லைசென்ஸை எடுத்துவிட்டார். அமெரிக்காவில் ஜனாதிபதி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டத்தால், பெரியவர்கள் இரண்டு பேர் உள்ள ஒரு வீடு வருஷத்துக்கு 200 காலன் வரை வரியில்லாமல் செய்துகொள்ளலாம் என்று ஆயிற்று. விற்கக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. இந்தப் பொழுதுபோக்குக்காரர்களின் கவனமெல்லாம் குடிப்பதில் இல்லை, செய்வதில் இருக்கிறது. எந்தத் தானியம், எத்தனை நேரம் ஊறியது, எத்தனை டிகிரி சூடு, எத்தனை நாள் புளித்தது என்று நோட்டுப் புத்தகத்திலே எழுதி வைக்கிறார்கள். கெட்டுப்போன பானையைப் பற்றியும் எழுதி வைக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஒருவனிடம் உருத்திரங்கண்ணனாரின் பகுதியைப் படித்துக் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். அவன் முதலில் கவனிப்பது, களியை ஆறவைத்த பிறகு முளையைக் கலக்கிறார்கள் என்பதை. தானியத்தில் இருப்பது மாவுப் பொருள். அது தானாகப் புளித்து மதுவாகாது. முதலில் சர்க்கரையாக மாறவேண்டும். அந்த மாற்றத்தைச் செய்வது முளைத்த தானியத்தில் ஊறும் ஒரு சத்து. விஞ்ஞானிகள் அதை நொதி என்கிறார்கள். பீர் செய்கிறவர்கள் முளைகட்டிய பார்லியைச் சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஊறப்போடுவது இதற்காகத்தான். கொதிக்கிற களியிலே முளையைப் போட்டால் நொதி செத்துப்போகும்; சாடியில் மிஞ்சுவது வெறும் கஞ்சி. ஆகவே ஆறவைப்பது அலங்காரத்துக்காகச் சொன்ன வார்த்தை அல்ல. அந்த ஒரு சொல் இல்லையென்றால் மது இல்லை.

இரண்டாவது, அந்தப் புற்றாஞ்சோற்று உவமை. பண்டிதர் அதைப் படித்துவிட்டு ‘அழகிய உவமை’ என்று எழுதி மேலே போய்விடுவார். முளை கட்டினவனுக்கோ வேறு ஒன்று தெரியும். ஈரத் தானியத்தைக் கிளறாமல் குவித்து வைத்தால், முளையும் வேரும் ஒன்றோடொன்று பின்னி, தானியம் அத்தனையும் ஒரே அடையாக எழுந்துவிடும். உள்ளே பொக்குப் பொக்காகத் துளைகள், மேலே பூத்தாற்போன்ற நார். கறையான் புற்றை வெட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தத் தோற்றம் சட்டென்று நினைவுக்கு வரும். உவமையை வீட்டில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை கவிஞர். அடையைக் கையில் எடுத்துப் பார்த்தபோது அது தானாக வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது, இரண்டு நாள் கணக்கு. குளிர் நாட்டில் பீர் பக்குவமாக வாரக் கணக்கில் ஆகும். நம் ஊர் வெயிலில், அதுவும் கடற்கரை வெக்கையில், அரிசிக்கு இரண்டு நாள் போதும். அதற்கு மேல் வைத்தால் காடிதான். கவிஞர் கணக்கிலும் தவறவில்லை.

இதே கவிஞர்தான் பட்டினப்பாலையும் பாடியவர். காவிரிப்பூம்பட்டினத்துக் கள்ளுக்கடை அதில் வருகிறது. அங்கே அவர் கண்ணில் படுவது என்ன? கடைமேல் பறக்கும் கொடி, மீனும் இறைச்சியும் பொரியும் ஓசை, மணலைக் குவித்து மலர் தூவிய முற்றம், பலர் நுழையும் வாசல். கள் எப்படிச் செய்தார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. கடைக்குப் போகிறவனுக்கு அது தெரிய வேண்டியதும் இல்லை. வலைஞர் குடியிலோ இதற்கு நேர் மாறாக, செய்வது முழுவதும் இருக்கிறது. குடித்துத் தள்ளாடுகிற ஆள் ஒருவன்கூட அந்த அடிகளில் இல்லை. ஒரே கவிஞர் கடைக்கு ஒரு பார்வையும் வீட்டுக்கு ஒரு பார்வையும் வைத்துக்கொண்டிருந்தார். கடையிலே கூட்டத்தைப் பார்த்தார், வீட்டிலே கையைப் பார்த்தார். இந்த இரட்டைப் பார்வை பின்னால் நம் இலக்கியத்தில் தொலைந்துபோயிற்று என்பதுதான் என் புகார்.

அது எங்கே தொலைந்தது என்று தேடுகிறவர்களுக்கு நல்ல இடம் சேந்தமங்கலம். இன்றைக்கு நாமக்கல் ஜில்லாவில், கொல்லிமலை அடிவாரத்திலே இருக்கும் ஊர். ஊரிலிருந்து காரவல்லி வழியாக 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வல்வில் ஓரியின் மலை. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் அந்த ஓரியைப் பாடுகிறார். வழியிலே கண்ட வேடன் ஒருவன் ஒரே அம்பால் யானையை வீழ்த்தி, அந்த அம்பே புலி, மான், பன்றி, உடும்பு என்று தொடர்ந்து பாய, பாணர்கள் வியந்து பாடுகிறார்கள். பாட்டில் தன் பெயர் வந்ததும் அவன் நாணப்படுகிறான். பிறகு மான் இறைச்சியும், உருக்கிய பசுநெய் போன்ற வேரியும், தன் மலைப் பொன்னும் தருகிறான். வேரி என்றால் மது. அதை யார் எதிலிருந்து செய்தார்கள் என்று பாட்டு சொல்லவில்லை. ஆனால் அதற்கு விலை இல்லை. பொன்னோடு சேர்த்துக் கொடுக்கத் தக்க பொருளாக அது இருந்தது.

அதே மலையடிவாரத்துக்குத்தான் 1937 அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கு வந்தது. அப்போது சேந்தமங்கலம் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. பிரதமராக இருந்த ராஜாஜி சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாகத் தம் சொந்த ஜில்லாவில் அந்தச் சட்டத்தை அமல் செய்தார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். அதற்கு வெகு முன்பே, 1886ஆம் வருஷத்து ஆப்காரிச் சட்டத்திலேயே, லைசென்ஸ் இல்லாத பானை குற்றப் பானையாகிவிட்டது. அன்று முதல் மது என்றால் குத்தகைக் கடை மது என்று ஆயிற்று. 1971இல் கடைகள் திறந்தன, சில வருஷத்தில் மூடின, 1981இல் மறுபடி திறந்தன. 1983இல் அரசாங்கமே டாஸ்மாக் என்று ஒரு நிறுவனம் வைத்தது. 2003 முதல் சில்லறைக் கடையையும் அதுவே நடத்துகிறது. 1987இலிருந்து கள்ளுக்குத் தடை. ஏற்றமும் இறக்கமும் கடைக்குத்தான். பானைக்கு எந்த ஆட்சியிலும் அனுமதி வரவில்லை.

இலக்கியமும் சட்டத்தின் பின்னாலேயே போயிற்று. மதுவிலக்குக் கதை என்று ஒரு ஜாதி உண்டு. திருச்செங்கோட்டு காந்தி ஆசிரமத்திலிருந்து 1929இல் ராஜாஜி, கல்கியைத் துணையாக வைத்துக்கொண்டு நடத்திய ‘விமோசனம்’ இதற்கென்றே வந்த பத்திரிகை. அந்த முயற்சியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் இல்லை. கூலியைக் கடையில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வந்த புருஷனைப் பார்த்து அழுத பெண்கள் கற்பனை அல்லர். அவர்களுக்காக ஒருவர் எழுத வேண்டித்தான் இருந்தது. ஆனால் அந்த ஜாதிக் கதைகளில் மது எப்போதும் தயாராக இருக்கிறது, கடையிலிருந்து வருகிறது. அதைச் செய்த கை கதையில் இல்லை. அதன் பிறகு சினிமாவும் அதையே எடுத்துக்கொண்டது. கடை, புட்டி, தள்ளாட்டம், கண்ணீர் என்று நாலு பொருள் போதும், காட்சி தயார். குடிகாரனை நமக்கு நன்றாகத் தெரியும். மதுவை நமக்குத் தெரியாது.

இதற்கு நம் பாஷையே சாட்சி. தோப்பி, நறவு, தேறல், அரியல், வேரி என்று வகைவகையாகப் பெயர் வைத்திருந்த தமிழில், புளிக்கிற பானைக்கு இன்று வழங்கும் சொல் ‘ஊறல்’. அதையும் நாம் பத்திரிகையில் போலீஸ் செய்தியிலேதான் படிக்கிறோம்: மலையில் இத்தனை லிட்டர் ஊறல் அழிப்பு. தோப்பி என்பது நெல்லிலிருந்து வீட்டிலே சமைத்த மது. அந்தச் சொல் போனதோடு, வீட்டில் புளித்ததையும் காட்டில் காய்ச்சிய சாராயத்தையும் கலப்பட விஷத்தையும் பிரித்துச் சொல்லும் திறமையும் போயிற்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களைக் கொன்றது மெத்தனால் என்னும் தொழிற்சாலைச் சரக்கு. எந்தப் பானையிலும் புளித்ததல்ல. விஷத்துக்கும் பெயர் ‘சாராயம்’, பானைக்கும் பெயர் ‘சாராய ஊறல்’ என்றால், எதைக் கண்டு பயப்படவேண்டும் என்று ஜனங்களுக்கு எப்படித் தெரியும்? சொல் தேய்ந்தால் உயிருக்கே ஆபத்து என்பது வெறும் பேச்சு அல்ல.

‘அப்படியானால் எல்லோரும் வீட்டிலே பானை வைக்கலாம் என்கிறீரா?’ என்று வாசகர்கள் கேட்பார்கள். சட்டத்தைத் திருத்தும் வேலை எழுத்தாளனுடையது அல்ல. கள்ளுண்ணாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரம் முழுவதும் கொடுத்திருக்கிறார். அதை மறுத்துப் பேச என்னிடம் வாதம் கிடையாது. மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் பழங்குடிகள் தங்கள் உபயோகத்துக்கு வடித்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. நாகாலாந்தில் அங்காமி நாகர்கள் இன்றும் முளைத்த நெல்லை இடித்துக் கலந்துதான் ‘ஸூத்தோ’ என்னும் அரிசி மதுவைச் செய்கிறார்கள். உருத்திரங்கண்ணனாரின் வலைஞர் வீட்டிலிருந்து அது வெகு தூரம் இல்லை. நம்மிடமோ அந்த வித்தையில் பாதி அடுக்களையிலேயே நிற்கிறது. கொல்லிமலையில் கேழ்வரகும் சாமையும் தினையும் விளைகின்றன. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டு, உலர்த்தி அரைத்துக் குழந்தைக்குக் கூழ் கொடுக்காத தமிழ்த் தாய்மார் குறைவு. அதுவும் முளைதான், செய்வது அதே நொதிதான். தோசை மாவு பொங்குவதையும் பழஞ்சோறு புளிப்பதையும் கைவாகால் அறிந்தவர்கள் அவர்கள். அந்த அறிவும் நம் கதைகளில் இல்லை. கதாநாயகி தோசை சுடுவாள். மாவு புளித்ததா என்று முகர்ந்து பார்க்கமாட்டாள்.

ஆகவே என் புகார் மதுவைப் பற்றியதே அல்ல என்றுகூடச் சொல்லலாம். ஒரு பொருளால் விளைந்த நன்மை தீமைகளைப் பேச நமக்கு ஆயிரம் வாய் இருக்கிறது. அந்தப் பொருள் எப்படி உண்டாகிறது என்று பார்க்கும் பொறுமை இல்லை. தீமையைக் கண்டிக்கிற எழுத்துக்கும் அந்தப் பொறுமை வேண்டும். எதை உடைக்கச் சொல்கிறோமோ அந்தப் பானைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எழுதினால், கோபம் நியாயமாக இருந்தாலும் கதை பொய்யாகிவிடும். உருத்திரங்கண்ணனார் மதுவைப் புகழவும் இல்லை, இகழவும் இல்லை. களி ஆறுகிற வரையில் பக்கத்திலே காத்திருந்தார். அதனால்தான் இத்தனை நூற்றாண்டு கழித்து, எங்கோ ஒரு தேசத்தில் பின்கட்டில் பீர் செய்கிற ஒருவன்கூட அந்த அடிகளைக் கேட்டுவிட்டு, ‘சரியாகச் சொல்லியிருக்கிறார்’ என்று தலையை ஆட்ட முடியும்.