கல்லும் காலமும்: நீலகண்ட சாஸ்திரியாரின் ஆராய்ச்சி வாழ்வு

(விளாத்திகுளம், ஓய்வுபெற்ற தமிழ்ப் பண்டிதர் ஒருவர் எழுதியது)

சைவநூற் பயிற்சியுடையார் சிலர் சரித்திர ஆராய்ச்சி என்னுஞ் சொற்கேட்ட அளவிலே ஐயுறுகின்றனர். நாயன்மார் காலத்தைக் கணக்கிடப் புகுவோர் அவர்தம் பெருமையையுங் குறைக்கவே புகுகின்றனர் என்பது அன்னோர் கருத்து. இவ்வையம் பெரிதுஞ் சார்த்தப்பெறுவது நந்திருநெல்வேலிச் சீமையிற் பிறந்த கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார்மீது. அவர்தம் ஆராய்ச்சி வாழ்வில் நாம் கொள்ளத்தக்கது யாது, குறையெனக் கூறத்தக்கது யாது என்பதனை நடுவுநின்று நோக்குதல் இக்கட்டுரையின் கருத்தாகும்.

சாஸ்திரியார் 1892-ஆம் ஆண்டு கல்லிடைக்குறிச்சியிற் பிறந்தார். திருநெல்வேலி இந்துக் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று, 1913 முதல் 1918 வரை திருநெல்வேலி இந்துக் கல்லூரியிலேயே ஆசிரியராய் அமர்ந்தார். பின்னர்க் காசி இந்துப் பல்கலைக் கழகத்தில் இரண்டாண்டு பணிபுரிந்து, 1920-இல் தில்லையிலே தோன்றிய மீனாட்சி கல்லூரியின் தலைமையை ஏற்றார். 1929-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தில் ச. கிருஷ்ணசாமி ஐயங்கார்க்குப்பின் இந்திய வரலாற்றுப் பேராசிரியராகி, 1946 வரை அப்பதவியில் இருந்தார். 1952 முதல் 1955 வரை மைசூர்ப் பல்கலைக் கழகத்திலும் பணியாற்றி, 1975-இல் மறைந்தார். 1929-இல் பாண்டியர் வரலாறும், 1935, 1937 ஆகிய ஆண்டுகளிற் சோழர் வரலாறும், 1955-இல் தென்னிந்திய வரலாறும் அவர் எழுதி வெளிப்படுத்தினார்.

இந்நூல்களுக்கெல்லாம் அடிப்படை யாது? பெரும்பாலும் நங்கோயிற் சுவர்களே. தஞ்சை இராசராசேச்சுரத்தில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய 48 பிடாரரும், அவருடன் உடுக்கை வாசிப்பார் ஒருவரும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவருமாக 50 பேரை இராசராசன் நியமித்தமையை நமக்குணர்த்துவது ஏடன்று, கல்லே. தேவாரம் அரசன் கோயிலிலே நாடோறும் ஓதப்பெற்ற உண்மைக்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ? ஆதலின், கல்லெழுத்தாராய்ச்சி சைவத்திற்குப் பகை என்பார் தம் வீட்டுப் பொருளைத் தாமே அறியாதார் ஆவர்.

இனி, வழக்கெழுந்த இடத்தை நோக்குவாம். மணிவாசகப் பெருமான் திருக்கோவையாரில் வரகுணனை இரண்டிடத்துக் குறிக்கின்றார். அவ்வரகுணன் யாவன்? பழனியையடுத்த ஐவர்மலையிலே சமணர் கல்வெட்டொன்று உளது. அது சகம் 792-ஐ, அஃதாவது கி.பி. 870-ஐ, வரகுணனது எட்டாம் ஆட்சியாண்டாகக் கூறுகின்றது. அதனால் இரண்டாம் வரகுணன் முடிபுனைந்தது 862-ஐ ஒட்டியாதல் தெளிவு. இவன் காலத்தையொட்டி, ஒன்பதாம் நூற்றாண்டில், அடிகளை வைத்தார் சாஸ்திரியார். மறைமலையடிகளோ 1930-இல் வெளியிட்ட தம் பெருநூலில் மூன்றாம் நூற்றாண்டென நிறுவ முயன்றார். திருவிளையாடற் புராணம் கூறும் அரசர் வரிசையைச் சாஸ்திரியார் காலவரிசைக்கு அடியாகக் கொண்டிலர் என்பதும் நம்மவர்க்கு வருத்தமாயிற்று.

ஈண்டு எம் பிழையொன்றையும் மறையாது கூறுவாம். இளமையிற் பயின்ற மடத்துப் பாடசாலையில், நால்வருள் மணிவாசகரே மூவர்க்கும் முற்பட்டவர் எனப் பாடங் கேட்டோம். கரிசற்காட்டுப் பள்ளியில் ஆசிரியராகிய பின்னர் அங்ஙனமே பல்லாண்டு கற்பித்தோம். ஒருநாள் மாணாக்கன் ஒருவன் எழுந்து, "ஐயா, அந்த வரகுணன் எந்த வரகுணன்?" என்று வினாவினான். விடை அறியாமையின் அவனை அமரச்செய்து அடுத்த பாடத்திற்குச் சென்றோம். விடை அறியாமை பிழையன்று. வினாவையே குற்றம்போலக் காட்டியது பிழை. அதன் பின்னரே பாண்டியர் கல்வெட்டுக்களைப் பயிலப் புகுந்தோம்.

பயின்று தெளிந்தது இது. நம் சித்தாந்தம் காட்சி, கருதல், உரை என அளவை மூன்று கொண்டது. ஒவ்வொன்றற்கும் தனித்தனி எல்லை உண்டு. கல்லெழுத்துக் காட்சிக்குரியது, அதனைக்கொண்டு ஆண்டு கணித்தல் கருதலுக்குரியது, அடியார் பெற்ற திருவருள் உரையாற் கொள்ளப்படுவது. ஆண்டினை உரையால் நிறுவப் புகுதலும், அருளைக் கல்லால் மறுக்கப் புகுதலும் ஒத்த குற்றங்களே. அடிகள் ஆறு நூற்றாண்டு பிற்பட்டவராயின் திருவாசகத்தில் ஓரெழுத்தேனும் குறையுமோ? முன்மை பற்றியன்றோ நாம் பூசலிடுகின்றோம். அடிகளோ முன்மை வேண்டிப் பாடினாரல்லர். எம் கருத்தில் இவ்வழக்கு இன்னும் முற்றுற முடிந்ததன்று. ஆயினும் மறுப்பார், கல்லுக்குக் கல்லும் கருதலுக்குக் கருதலும் காட்டி மறுத்தல் வேண்டும், பழித்தல் மறுப்பாகாது.

சாஸ்திரியார்பாற் குறையே இல்லையோ எனின், உண்டு. தமிழ்க் கோயில்களின் தமிழ்க் கல்வெட்டுக்களாற் கட்டிய வரலாற்றை அவர் ஆங்கிலத்திலே எழுதினார். உலகத்தறிஞர் அறிந்தனர், அக்கோயிலிலே நின்று பதிகம் ஓதுவார் அறிந்திலர். சோழர் வரலாறு தமிழிற் பெயர்க்கப்பட்டது மிகப் பின்னரே. நம்மவரது ஐயம் வளர்ந்தமைக்கு இவ்விடைவெளியும் ஒரு காரணமாகும்.

அவர் பிறந்த அதே 1892-இல் திருப்புறம்பயத்திற் பிறந்தவர் தி. வை. சதாசிவ பண்டாரத்தார். அவ்வூரே இரண்டாம் வரகுணன் தோல்வியுற்ற போர்க்களமாதல் நினைத்தற்குரியது. கும்பகோணம் பாணாதுரை உயர்நிலைப் பள்ளியிலே தமிழாசிரியராயிருந்துகொண்டே கல்வெட்டுப் பயின்று, 1930-இல் முதற் குலோத்துங்க சோழனையும், 1940-இற் பாண்டியர் வரலாற்றையும் தமிழில் எழுதினார். 1942-இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் அவரை ஏற்றது. பிற்காலச் சோழர் சரித்திரத்தின் முதற்பகுதி 1949-இல் வெளிவந்தது. பேராசிரியர் பதவி பெற்றாரும் பள்ளியாசிரியராய் இருந்தாரும் ஒரே கல்லைப் படித்தனர். முன்னவர் அகலம் உடையர்; பின்னவர் நம் மொழியில் நம்மொடு பேசினர். இருவரையும் ஒருங்கு பயில்வார்க்கே வரலாறு நிரம்பும்.

எங்கள் ஊர்க்கு மேற்கே கழுகுமலையில் சமணர் படிமங்களும், முற்றுப்பெறாத வெட்டுவான் கோயிலும் ஒரே மலையில் நிற்கின்றன. சிவாலயம் தேடிச் செல்வார் பலர் சமணர் பாறையை நோக்காது திரும்புகின்றனர். சிவனடியார் ஒருவரது காலத்தை ஆராய்தற்கு ஐவர்மலையிற் சமணர் எழுதிய கல் உதவியமையை அன்னோர் நினைப்பாராக. திருப்பணி செய்யும் அன்பர்களும், சுவரைப் பிரிக்குமுன் அதிலுள்ள எழுத்துக்களைப் படியெடுத்து வைப்பாராக. எம் மாணாக்கன் வினாவிய வினாவினை நாளை வேறொருவன் வினாவுவான். அவனுக்கு விடையாவது அக்கல்லே. குணமுங் குற்றமும் அறிஞர் ஆய்ந்து கொள்க.