ராண்டி ரோட்ஸ்: மேடை வாசிப்பு

அமெரிக்க ஹெவி மெட்டல் கிதார் கலைஞர் ராண்டி ரோட்ஸ் (1956–1982), ஆஸி ஆஸ்போர்னின் குழுவில் வாசித்தது மூன்று ஆண்டுகளுக்கும் குறைவு. புளோரிடாவில் ஒரு சிறு விமான விபத்தில் 25 வயதில் இறந்தார். நேரில் கேட்ட ரசிகர்களின் பேச்சில் அவருடைய புள்ளி போட்ட கிதாரும் வேகமும் தவறாமல் வரும். அந்த நினைவுகளை உரசிப் பார்க்க ஒரு கல் உண்டு: 1987இல் வெளிவந்த ‘டிரிபியூட்’ நேரலைத் தொகுப்பு. அதன் பெரும்பகுதி 1981 மே மாதம் கிளீவ்லாந்தில் பதிவானது.

ஒலிப்பதிவுக் கூடத்தில் ரோட்ஸ் தம் தனிவாசிப்பை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மூன்று முறை வாசித்துச் சேர்ப்பார். ஒலி தடித்துக் கேட்கும். மேடையில் இருப்பதோ ஒரே கிதார். அந்த வெறுமையை அவர் மறைக்க முயலவில்லை. பாடல் வரிகளுக்கு நடுவே சின்னச் சின்ன அலங்காரங்களைச் செருகி நிரப்புகிறார். தொகுப்பின் உயிரே இதுதான்.

ஆனால் ‘பிளாக் சபாத்’ பாடல்களில் அதே பழக்கம் குறையாகிவிடுகிறது. டோனி அயோமியின் மெதுவான, கனத்த நடைக்கு இந்தத் துள்ளல் ஒட்டவில்லை. ரசிகர்கள் இதை எளிதில் ஒப்புவதில்லை.

தாய் நடத்திய இசைப்பள்ளியில் கிதார் கற்பித்தவர் ரோட்ஸ். புகழ் வந்த பிறகும், சுற்றுப்பயணம் போன ஊர்களில் செவ்வியல் கிதார் ஆசிரியர்களைத் தேடிப் பாடம் கேட்டார். தாய்க்காக அமைத்த ‘டீ’ என்ற சிறு உருப்படியை அவர் பிசகி, நிறுத்தி, மறுபடி தொடங்குவது தொகுப்பின் கடைசியில் பதிவாகியுள்ளது. மேடை ஆரவாரத்தை நினைவுகூர்பவர்கள் பெரும்பாலும் அதுவரை வருவதில்லை.