கச்சான் அடித்தால் குணமாகும் லப்டொப்

லெனோவோ திங்க்பேட் டி480 வெளிவந்தது 2018இல். இத்தனை காலம் கழித்து அதற்கு ஒரு விமர்சனமா என்று கேட்பவர்கள், மட்டக்களப்பு திருமலை வீதியிலும் காத்தான்குடியிலும் பழைய லப்டொப் விற்கும் கடைகளை ஒருமுறை ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட இந்த மொடல் அநேகமாக எங்காவது ஓர் அடுக்கில் இருக்கும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றதும் இதன் மவுசு ஏறிவிட்டது. ஒருசில விதிவிலக்குகள் நீங்கலாக, இன்டெலின் 8ஆம் தலைமுறைச் சிப்பிலிருந்துதான் மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் 11க்கு வழிவிடுகிறது. டி480களில் பெரும்பாலானவற்றில் இருப்பது அதுதான். (7ஆம் தலைமுறைச் சிப்போடு வந்தவையும் உண்டு. வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. காசு கொடுக்கும் முன் இயக்கிப் பாருங்கள்.)

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எழுத்து வேலை, கணக்கு, ஸூம் வகுப்பு எல்லாம் தாங்கும். 1366×768 திரை போட்டவை சந்தையில் நிறைய. சற்றுப் பக்கவாட்டில் இருந்து பார்த்தாலே நிறம் வெளிறும். 1920×1080 திரை உள்ளதைத் தேடி எடுங்கள். கீபோர்ட் அருமை. இவ்வளவும் யாரும் எழுதக்கூடியவை. வாவிக்கரையில் வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது வேறு: உப்புக் காற்றில் இது எப்படிப் பழுதாகிறது, அந்தப் பழுதை எப்படிப் பிடிப்பது, பிடித்தால் கையில் உள்ள சாமான்களோடு திருத்த முடியுமா.

என்னுடையது இருப்பது கல்லடியில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, இடையில் ஒடுங்கிய மணல் திட்டு. 1924இல் போட்ட பழைய இரும்புப் பாலத்தையே விட்டுவைக்காத காற்று, யன்னல் கம்பியையும் சைக்கிள் சங்கிலியையும் சும்மா விடுமா? லப்டொப்பையும் விடவில்லை. ஆனால் பழுது வந்த விதம்தான் விசித்திரம். இரவு எட்டு மணிக்கு மேல் சார்ஜரைச் செருகினால் ஏறாது. அல்லது ‘மெதுவான சார்ஜர்’ என்று விண்டோஸ் முறையிடும். சில காலைகளில் பவர் பட்டனை அமத்தினால் மூடியில் உள்ள சிவப்புப் புள்ளி சிமிட்டிவிட்டு அணைந்துவிடும். மதியமானால் அதே சார்ஜர், அதே பிளக் பேஸ், ஒரு குறையும் இராது. இதற்கிடையில், சார்ஜ் ஏறும் சில வேளைகளில் திரையில் அம்புக்குறி தன் பாட்டில் ஓடும்.

திருத்தும் கடைக்குக் கொண்டுபோனால், ஏசி அறையில் சற்று நேரம் இருந்ததுமே அது நல்ல பிள்ளையாகிவிடும். “இதுல ஒண்டும் இல்லையே சேர்” என்றார் ஒரு தம்பி. இன்னொரு கடையில் “மதர்போர்ட் போயிட்டு சேர், மாத்தத்தான் வேணும்” என்றார்கள். இப்படிப்பட்ட பழுதுக்கு நம் ஊரில் கிடைக்கும் தீர்ப்பு அநேகமாக இந்த இரண்டில் ஒன்றுதான். முதலாவது பணத்தை மிச்சப்படுத்தும், இரண்டாவது பையைக் காலியாக்கும். இரண்டுமே பழுதைத் தேடிப் போவதில்லை.

தேட உதவியது ஒரு சின்னக் கருவி. பெருவிரல் அளவு யூஎஸ்பி-சி மீற்றர். கேபிளுக்கும் லப்டொப்புக்கும் நடுவே செருக வேண்டும். வோல்ட், அம்பியர், வாட் மூன்றையும் குட்டித் திரையில் காட்டும். டி480 வைத்திருப்பவருக்கு இது அவசியம் என்றே சொல்வேன், ஏனென்றால் இந்த மொடலுக்குப் பழைய உருண்டைச் சார்ஜர் துளை கிடையாது. கரண்ட் உள்ளே போவது யூஎஸ்பி-சி வழியாக மட்டும்தான்.

யூஎஸ்பி-சி சார்ஜர் எடுத்த எடுப்பில் 20 வோல்ட்டைத் தள்ளிவிடாது. 5 வோல்ட்டில் தொடங்கும். பிறகு சிசி என்ற ஒரு மெல்லிய இணைப்பு வழியாகச் சந்தை வியாபாரி மாதிரிப் பேரம் நடக்கும்: என்னிடம் 5, 9, 15, 20 இருக்கிறது என்று சார்ஜர் சொல்ல, 20ஐத் தா என்று லப்டொப் கேட்கும். பேரம் படியாவிட்டால் 5இலேயே நிற்கும். என் மீற்றர் இரவில் காட்டியது அந்த 5. சார்ஜரை மாற்றினாலும் 5, கேபிளை மாற்றினாலும் 5. பிளக்கைக் கழற்றி, மேல் கீழாகப் புரட்டிச் செருகியதும் 20.

யூஎஸ்பி-சி பிளக்கை எந்தப் பக்கமாகவும் செருகலாம் என்பதால் போர்ட்டுக்குள் சிசி இணைப்பு இரண்டு உண்டு, மேல் வரிசையில் ஒன்று, கீழ் வரிசையில் ஒன்று. எந்தப் பக்கம் செருகுகிறோமோ அதற்கேற்ப ஒன்றுதான் பேசும். புரட்டினால் வேலை செய்கிறது என்றால் சார்ஜர் நல்லது, பட்டரி நல்லது, மதர்போர்ட்டும் அநேகமாக நல்லது; 24 ஊசிகளில் ஒன்றில்தான் நோய். அந்த ஊசிக்கு அடுத்தாற்போலவே, அரை மில்லிமீற்றர் தள்ளி, மின்சாரம் வரும் ஊசி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உப்பு ஈரம் படிந்தால் செம்பு அரிக்கப்பட்டுப் பச்சைக் களிம்பு பிடிக்கும்.

அப்படியானால் பகலில் மட்டும் எப்படிச் சரியாகிறது? இங்கேதான் காற்று வருகிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் ஈரத்தை உறிஞ்சித் தானே நீராகக் கரையும். அதற்குக் கீழே உலர்ந்த பொடிதான். உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது, உப்புநீர் கடத்தும். வைகாசி தொடங்கி ஆவணி வரை அடிக்கும் கச்சான், மலைநாட்டில் மழையை இறக்கி வைத்துவிட்டு வெறும் சூடாக நம் பக்கம் இறங்குகிறது. மத்தியானத்தில் வேட்டியை ஒரு மணி நேரத்தில் காயவைக்கும் அந்தக் காற்று, போர்ட்டுக்குள் இருக்கும் உப்பையும் காயவைத்துவிடும். ராத்திரி கடற்பக்கத்து ஈரலிப்பு ஏறியதும் உப்பு மறுபடி நனையும். திருத்தும் கடையின் ஏசியும் காற்றை உலர்த்துவதால் அங்கே போனதும் நோய் மறைகிறது. காலையில் சிவப்புப் புள்ளி சிமிட்டியது தனி நோயே அல்ல. இரவு முழுக்க ஏறாத பட்டரி காலியாகிக் கிடந்தது, அவ்வளவுதான். ஆகவே பழுதான லப்டொப்பைக் கடைக்குக் கொண்டுபோகும் முன், அது எந்த நேரத்தில், எந்தக் காற்றில் படுக்கிறது என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள். ஏசி குளிரில் இருந்த லப்டொப்பை வெளியே எடுத்த உடனே திறந்து போடுவதும் நல்லதல்ல. குளிர்ந்த உலோகத்தில் பனி பூக்கும்.

இந்த மொடலுக்கே உரிய இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்துத் திங்க்பேட்கள் பலவற்றில் தண்டர்போல்ட் சிப்பின் ஃபர்ம்வெயரில் குறை இருந்தது. நாளடைவில் யூஎஸ்பி-சி போர்ட் படுத்துவிடும், சார்ஜும் ஏறாமல் போகலாம். லெனோவோ அதற்கு 2019இல் திருத்தம் வெளியிட்டது. என் லப்டொப்பில் அது ஏற்கனவே ஏற்றப்பட்டிருந்தது. கைமாறி வந்ததை வாங்கினால் முதல் வேலையாக இதைப் பாருங்கள். இரண்டையும் பிரித்தறிவது கஷ்டமில்லை: ஃபர்ம்வெயர் கோளாறு வெயிலையும் மழையையும் பார்க்காது, பிளக்கைப் புரட்டினாலும் மாறாது.

திருத்த வேண்டியவருக்கு டி480 நல்ல லப்டொப் என்பது மூடியைத் திறந்ததும் தெரியும். பின்பட்டரி கொக்கியைத் தள்ளினால் கையோடு வரும். உள்பட்டரியைப் பயோஸில் பவர் பகுதிக்குள் போய் நிறுத்தி வைக்கலாம். கம்பியைப் பிடுங்கி ஷோர்ட் ஆக்கும் பயம் இல்லை. அடிமூடித் திருகாணிகள் தளர்த்தினாலும் கழன்று விழாது, ஆகவே கட்டிலுக்கு அடியில் தேடும் வேலையும் இல்லை. கைபேசிக் கமராவைப் பெரிதாக்கிப் போர்ட்டுக்குள் பார்த்தேன்: நாக்குப் போன்ற கறுப்புப் பிளாஸ்டிக்கின் ஓரத்தில், ஊசி நுனி அகலத்தில் ஒரு பச்சைக் கோடு. ஐசோபுரொப்பைல் அல்ககோல், மெல்லிய தூரிகை, பொறுமை. தேய்த்து, மின்விசிறிக்குக் கீழே காயவிட்டு, மறுபடி தேய்க்க வேண்டும். கேபிளின் வாயையும் அப்படியே செய்ய வேண்டும், இல்லாவிட்டால் களிம்பு அங்கிருந்து திரும்ப வரும். நெயில் பொலிஷ் கழுவும் திரவம் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், குண்டூசி ஊசிகளை வளைக்கும், பூட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே தூசியைக் கூட்டி வைக்கும். அரிசிப் பானைக்குள் புதைக்கும் வைத்தியமும் வேண்டாம். படிந்த உப்பை அரிசி எடுக்காது, தவிட்டுத் தூசிதான் ஃபேனுக்குள் போகும்.

சுத்தம் செய்தபின் எந்தப் பக்கம் செருகினாலும், எந்த ராத்திரியிலும் 20 வோல்ட். இப்போது பாவிக்காத நேரத்தில் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறேன். விலை உயர்ந்த உறைகளை விட இது உருப்படியான செலவு.

அம்புக்குறி ஓடியது வேறு கதை. அது கச்சான் காலத்தில் குணமாகவில்லை, கூடியது. சார்ஜரைக் கழற்றினால் உடனே நிற்கும். திருகாணித் தலையில் புறங்கை பட்டால் சுரீர் என்று ஒரு கூச்சம். எர்த் இல்லாததன் அடையாளம் இது. மலிவான இரண்டு கால் சார்ஜர்களில் எர்த் கால் இருக்காது. உள்ளே இரைச்சலை அடக்க வைத்திருக்கும் சின்னக் கப்பாசிற்றர் வழியாக மிகச் சிறிய அளவு கசியும். கசிவதற்குப் போக்கிடம் இல்லாவிட்டால் லப்டொப்பின் உலோகப் பாகங்கள் 230இல் ஏறத்தாழப் பாதி வோல்ட்டில் மிதக்கும். ஆளைக் கொல்லாது, ஆனால் விரலின் மின்னேற்றத்தை அளந்து வேலை செய்யும் டச்பேட் குழம்பிவிடும்.

மூன்று கால் சார்ஜர் போட்டும் எனக்கு நிற்கவில்லை. சதுரக் கால் பிளக்குக்கு மாறச் சொல்லிச் சட்டம் வந்த பிறகும் எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் உருண்டைக் கால் பிளக் பேஸ்தான். இடையில் செருகும் கன்வேர்ட்டர் சிலவற்றில் எர்த் கால் வெறும் பிளாஸ்டிக். அதையும் மாற்றிய பிறகு மிஞ்சியது வீட்டின் எர்த் கம்பி. நம் வீடுகளில் அது அவரவர் வளவு மண்ணில்தான் இறங்கியிருக்கிறது. மணல் மண், கச்சானில் வறண்டுவிட்டால், மின்சாரத்தை வாங்கிக்கொள்ளாது. வயரிங் தெரிந்தவர் வந்து கம்பியை ஈரம் உள்ள ஆழம் வரை இறக்கியதும் அம்புக்குறி அடங்கியது. லப்டொப்பை விடுங்கள், இது ஆளைக் காக்கும் விஷயம். ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை இடைக்கிடை அமத்திப் பார்ப்பது நல்லது. ஸ்டெபிலைசருக்குக் காசு கொட்ட வேண்டாம்; லப்டொப் சார்ஜர் 100 வோல்ட்டிலும் வேலை செய்யும். ஐப்பசி, கார்த்திகை இடிக்கு மட்டும் ஒரே மருந்து, பிளக்கைக் கழற்றுவது. ரவுட்டரில் இருந்து வரும் கேபிளையும் சேர்த்துத்தான்.

பட்டரி விஷயத்தில் டி480க்கு முழுப் புள்ளி கொடுக்கலாம். உள்ளே 24 வாட்-மணி, பின்னால் 24, 48 அல்லது 72. உள்பட்டரி தாங்கிப் பிடிப்பதால், வேலை நடக்கும்போதே பின்பட்டரியை மாற்றலாம். 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்குப் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை மறக்காதவர்களுக்கு இதன் அருமை புரியும். பழைய பட்டரி 40 வீதத்தில் திடீரென்று அணைந்தால் அது மர்மமில்லை, கிழடு தட்டியதுதான். விண்டோஸின் பட்டரி அறிக்கையில் ஆரம்பக் கொள்ளளவையும் இப்போதையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். எதற்கும் அசையாமல் கிடந்தால், சார்ஜரைக் கழற்றிவிட்டு அடியில் உள்ள ரீசெட் துளைக்குள் கடதாசிக் கிளிப் நுனியால் ஒரு குத்து. பாதிப் ‘பிரேதங்கள்’ அதிலேயே எழும்பிவிடும்.

குறை ஒன்று, அதுவும் பெரியது. யூஎஸ்பி-சி போர்ட் மதர்போர்ட்டிலேயே ஈயம் வைத்து ஒட்டியது. தனித் துண்டாக இருந்தால் களிம்பு முற்றியதும் கழற்றி வீசிவிட்டுப் புதியதைப் போடலாம். இதில் ஈயம் உருக்கத் தெரிந்த நல்ல கை வேண்டும், அப்படிப்பட்ட கை எல்லாக் கடையிலும் இல்லை. நல்லவேளை, சார்ஜ் ஏறும் போர்ட் இரண்டு. ஒன்றை மட்டும் தினமும் பாவித்து, மற்றதை ரப்பர் மூடி போட்டுக் காப்பாற்றி வையுங்கள்.

ஓட்டமாவடியில் இருந்து களுவாஞ்சிகுடி வரை வாவியோரம் இருப்பவர் வாங்கலாமா என்றால், வாங்கலாம். கடைக்கு மீற்றரைக் கொண்டுபோங்கள். இரண்டு போர்ட்டிலும், ஒவ்வொன்றிலும் புரட்டியும் செருகிப் பாருங்கள். நான்கு தடவையும் 20 வர வேண்டும். மூன்று தடவை வந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். மத்தியான வெயிலில் போய்ச் சோதிக்க வேண்டாம், பின்னேரம் பொழுதுபட்ட பிறகு போங்கள்.