உத்தேசம் இல்லாத நிகழ்தகவு: ‘ராண்டமைஸ்டு அல்காரிதம்ஸ்’ நூலை முன்வைத்து

ஐந்தாம் படிவக் கூடுதல் கணிதத்தில் 4-ஆம் பாடம் வரிசைமாற்றமும் சேர்மானமும்; 5-ஆம் பாடம் நிகழ்தகவுப் பரவல். முதலில் எண்ணச் சொல்லிக் கொடுக்கிறோம், அப்புறம் நிகழ்தகவுக்குப் போகிறோம். எதிர்த்திசையிலும் ஒரு பாதை உண்டு: நிகழ்தகவை வைத்துக்கொண்டு சேர்மானக் கணக்கைத் தீர்ப்பது. பாடநூல் அந்தப் பக்கமே போவதில்லை. அதனால்தான் நிகழ்தகவு என்றாலே “உத்தேசம்தானே சார்” என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள்.

ராஜீவ் மோத்வானியும் பிரபாகர் ராகவனும் எழுதி 1995-இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட ‘ராண்டமைஸ்டு அல்காரிதம்ஸ்’ அந்தப் பாதையைக் காட்டும் நூல். ராகவன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். நூல் பல்கலைக்கழகத் தரம். ஆனால் 5-ஆம் அத்தியாயத்தின் கருத்து நம் வகுப்புக்கு எட்டாததல்ல. உதாரணம் நம்முடையதாகவே இருக்கட்டும்.

சுங்கை பட்டாணியிலிருந்து அலோர் ஸ்டார் போட்டிக்கு இரண்டு வேன். ஏழு குழுக்கள், குழுவுக்கு நான்கு பேர். கோலாட்டத்தில் இருக்கும் பிள்ளை புதிர்ப்போட்டியிலும் இருக்கலாம்; சிக்கலே அங்கேதான். ஒரு வேன் வழியில் நின்றாலும் ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது போய்ச் சேர வேண்டும். அதாவது, எந்தக் குழுவும் முழுசாக ஒரே வேனில் ஏறக்கூடாது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் நாணயம் சுண்டுங்கள். ஒரு குழு முழுவதும் ஒரே வேனில் விழும் நிகழ்தகவு 2/16, அதாவது 1/8. ஏழு குழுக்களில் ஏதாவது ஒன்று அப்படி மாட்டும் நிகழ்தகவு 7/8-ஐத் தாண்டாது. ஆக, எல்லாம் சரியாக அமைய 1/8 வாய்ப்பாவது மிச்சம். சரியான பிரிப்பே இல்லையென்றால் அந்த வாய்ப்பு 0 ஆகியிருக்கும். எனவே சரியான பிரிப்பு ஒன்று கட்டாயம் இருக்கிறது. இதில் உத்தேசம் எங்கே? பால் எர்டோஷ் 1963-இல் தந்த வாதம் இது. (வேன் இருக்கைக் கணக்கை இது பார்ப்பதில்லை. அதை உதவித் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்வார்.)

இருக்கிறது, சரி. கண்டுபிடிப்பது எப்படி? நாணயத்தையே தூக்கிப் போட்டுவிடலாம். இதுவரை பிரிந்துவிட்ட குழுவுக்கு 0. யாருமே ஏறாத குழுவுக்கும் ஒருவர் மட்டும் ஏறிய குழுவுக்கும் 1/8. ஒரே வேனில் இருவர் என்றால் 1/4, மூவர் என்றால் 1/2, நால்வருமே என்றால் 1. ஆரம்பக் கூட்டுத்தொகை 7/8. அடுத்த பிள்ளையை எந்த வேனில் ஏற்றினால் கூட்டுத்தொகை குறைவோ அதிலேயே ஏற்றுங்கள். இரண்டு வாய்ப்புகளின் சராசரி இப்போதைய தொகைக்குச் சமம் என்பதால் தொகை ஏறாது. கடைசியில் அது முழு எண். 1-ஐ விடச் சிறியது. அப்போது 0 தவிர வேறென்ன?

என் குறை இங்கேதான். இந்த அழகான முறையை நூல் 5-ஆம் அத்தியாயத்தின் வாலில் வைத்திருக்கிறது. 1988-இல் இதை விரித்து எழுதியவரே ராகவன். அவர் நூலில் முன்வரிசை கிடைத்திருக்க வேண்டாமா? வாதம் தளர்வானது என்பதையும் மாணவருக்குச் சொல்ல வேண்டும்: நால்வர் குழுக்களில் 22 வரை எப்போதும் பிரிக்கலாம், 23-இல்தான் தோல்வி நேரலாம் என்று 2014-இல் ஓஸ்டர்கார்ட் கணினி உதவியோடு நிறுவினார்.

வகுப்பில் மூவர் குழுக்களில் தொடங்குங்கள். மூன்று குழுக்கள் வரை நாணய வாதமே போதும். பிறகு ஏழு பிள்ளைகளை ஏழு மூவர் குழுக்களாக, எந்த இருவரும் சரியாக ஒரு குழுவில் மட்டும் சேர்ந்திருக்கும்படி அமைத்துக் கொடுத்து, இரண்டு வேனில் பிரிக்கச் சொல்லுங்கள். முடியாது. ஏன் என்று அவர்களே சொல்லட்டும்.