தனியார் இசைத்தட்டுகளின் பூர்விகம் தேடும் முறை: ஒரு மதிப்பீடு

ஒரு வணிகரோ இசைக்குழுவோ ஆலயமோ பணம் கொடுத்துப் பிறருடைய ஆலையில் அச்சிட்டு வாங்கிய தட்டுகளே தனியார் இசைத்தட்டுகள் எனப்படுகின்றன. இவற்றின் பெயர்ச்சீட்டில் ஆண்டும் ஊரும் பெரும்பாலும் இராமையால், பாட்டு முடிந்தபின் ஊசி சுற்றும் வெற்று உள்வளையத்தை ஆய்வாளர்கள் நாடுகின்றனர். மூலத்தட்டு உருவானபோது பொறிக்கப்பட்ட மேட்ரிக்ஸ் எண்ணை அங்கே காணலாம். அமெரிக்காவில் ஆர்சிஏ நிறுவனம் பிறருக்காக அச்சிட்ட தட்டுகளில் இந்த எண்ணின் முதலெழுத்தே ஆண்டைக் காட்டியதால் (1955க்கு எஃப், 1956க்கு ஜி), பெயர் தெரியாத குழுவின் தட்டுக்கும் காலம் கணிக்க முடிகிறது. கல்கத்தாவில் ஹேமேந்திர மோகன் போஸ் தம் பெயரில் வெளியிட்டு, பிரெஞ்சு நிறுவனமான பாத்தேயிடம் அச்சிட்டு வாங்கிய தட்டுகளுக்கோ எண்கூடத் தேவையில்லை. நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓடும் வரிகளே ஆலையைச் சொல்லிவிடும்.

ஆயினும் இந்த எண் ஆலைக்கு வழிகாட்டுமே ஒழிய ஆளுக்கு வழிகாட்டாது. பழைய மூலத்தட்டிலிருந்தே பல்லாண்டுகள் கழித்து மறுபடியும் அச்சிட்டால் பழைய எண்ணே தொடர்வதால், அது ஒலிப்பதிவின் காலத்தைக் காட்டலாம், கையிலுள்ள படியின் வயதைக் காட்டுவதில்லை. பெயர்ச்சீட்டும் முழுச் சான்றாகாது: ஏ.வி. மெய்யப்பன் கூட்டாளிகளுடன் நடத்திய சென்னை சரஸ்வதி ஸ்டோர்ஸ் முதலிட்டு வெளியிட்ட தட்டுகள் ஓடியன் என்ற ஜெர்மன் பெயரைத் தாங்கி வந்தன. புதுச்சேரியின் நெல்லித்தோப்பில் ஒரு வீட்டுப் பரணில் பாத்தே தட்டு கிடைத்தால், அந்நகரம் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததைக் கருதி அது பாரிசிலிருந்து நேரே கப்பலேறி வந்தது என்று எண்ணத் தோன்றும். கல்கத்தா வழியாகவும் பாத்தே தட்டுகள் இந்தியாவில் விலைபோயின என்பதால் அம்முடிவு நிற்காது. உறையிலுள்ள கடை முத்திரைகூட விற்ற இடத்தை மட்டுமே காட்டும்.

பாடியவர் யார் என்பதில்தான் இம்முறை மிகவும் தடுமாறுகிறது. 1902இல் கல்கத்தாவில் குரல் பதிவான பாடகி கௌஹர் ஜான், ஹானோவர் ஆலையில் தட்டைப் பிரித்தறிவதற்காகப் பாட்டின் முடிவில் தம் பெயரைச் சொன்னார். எல்லாத் தட்டிலும் அத்தகைய குரல்சாட்சி கிடைப்பதில்லை. மைக்கேல் கின்னியர் கிராமபோன் கம்பெனியின் 1899–1908 காலத்து இந்தியப் பதிவுகளைத் தொகுத்து 1994இல் வெளியிட்ட நூலுக்குப் பெருநிறுவனத்தின் ஆவணங்கள் அடித்தளமாயின. சிறு வெளியீட்டாளரிடம் அத்தகைய ஏடுகள் பெரும்பாலும் எஞ்சவில்லை. அந்த வெற்றிடத்தில் வியாபாரிகளின் ஊகம் புகுந்துகொள்கிறது: 'இருக்கலாம்' என்று ஒருவர் எழுதியது அடுத்தவரின் விலைப்பட்டியலில் 'ஆகும்' என்று மாறி, விலையும் உடன் ஏறுகிறது.

எண்ணாய்வைக் கைவிட வேண்டியதில்லை. அதைத் தனிச்சான்றாக ஏற்பதே பிழை. பழைய பாட்டுப் புத்தகங்களும் விலைப்பட்டியல்களும் நாளிதழ் விளம்பரங்களும் அதோடு ஒத்துவராதவரை எந்த அடையாளமும் தற்காலிகமானதே. தட்டு வைத்திருப்போர் அதை விற்குமுன் பெயர்ச்சீட்டு, உள்வளையம், உறை மூன்றையும் படமெடுத்து, அது யாரிடமிருந்து வந்தது என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.