ஆளில்லாத மலையா?

கதை எழுதப் புகுவோர் சிலர் இந்நாளில் கதை நிகழும் நாட்டையும் தாமே படைத்துக்கொள்கின்றனர். அஃது அவர்களது உரிமை. வரைபடத்தில் இல்லாத மலையையும், எந்த ஆவணமும் அறியாத பட்டணத்தையும், யாரும் கேள்விப்படாத குலத்தையும் எழுத்தாளன் தன் எழுதுகோலால் எழுப்பலாம். அந்நாட்டுக்கு ஒரு பழங்காலத்தையும் படைக்கத் தொடங்கும்போதுதான் சோதனை வருகிறது. இல்லாத ஊருக்கு நடவாத வரலாறு எழுதுவதில் சரியென்ன, தவறென்ன என்று கேட்கத் தோன்றும். சென்ற ஆண்டு வாழவந்தியில் இந்தக் கேள்வியோடு இரண்டு நாட்கள் மல்லாட நேர்ந்தது.

உறவினர் வீட்டு நிக்காஹ் ஒன்றுக்காகச் சேலம் சென்றிருந்தேன். மணவீட்டு அலுவல்கள் முடிந்ததும் என் தங்கை மகன் என்னை ஏற்காட்டுக்கு அழைத்துப் போனார். அவருடைய நண்பரின் குடும்பத்துக்கு வாழவந்திப் பக்கம் ஒரு சிறு காப்பித் தோட்டமும் ஓட்டு வீடும் உண்டு. இராச்சோறு முடிந்தபின் மருமகன் தயங்கித் தயங்கி ஒரு கைப்பிரதியை என் முன் வைத்தார். அவர் எழுதி வரும் நாவல். சேர்வராயன் மலையை மனத்தில் வைத்துக்கொண்டு, வேறு பெயரில் ஒரு கற்பனை மலைநாட்டைப் படைத்திருந்தார். கதை 1820ஆம் ஆண்டையொட்டி நடக்கிறது. ஆயினும் முதல் 40 பக்கங்கள் ‘பூர்விகம்’ என்னும் ஒரே அத்தியாயம். ஏமன் நாட்டிலிருந்து ஏழு மரக்கலங்கள் புறப்படுகின்றன. அவற்றின் தலைவர் கரையிறங்கி, உள்நாடு நோக்கி நடந்து, மலையேறுகிறார். மலையில் ஒருவரும் இல்லை. காடு மட்டுமே இருக்கிறது. அவர் ஊரை நிறுவுகிறார். அவர் வழியில் 23 தலைமுறைகள், ஒவ்வொருவர் பெயரும் சிறப்பும் தவறாமல் வருகின்றன.

நடை நன்றாகவே இருந்தது. அதனால்தான் வருத்தமும் கூடியது.

இப்னு கல்தூன் இந்த அத்தியாயத்தைப் படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். 1377இல் அவர் எழுதிய முகத்திமாவின் தொடக்கத்திலேயே பழைய வரலாற்றாசிரியர்களை அவர் உலுக்கி எடுக்கும் பகுதி உண்டு. பாலைவனத்தில் மூஸா நபியவர்களுடன் இருந்த போர்வீரர் தொகை ஆறு இலட்சம் என்று எழுதிவைத்தவர்களை நோக்கி, அத்தனை பேரை எந்த நிலம் தாங்கும், அணிவகுத்து நின்றால் ஒரு கோடியில் நிற்பவனுக்கு மறுகோடியில் நடப்பது எப்படித் தெரியும், யஃகூப் நபியிலிருந்து சில தலைமுறைக்குள் ஒரு குலம் அவ்வளவு பெருகுமா என்று கேட்கிறார். செய்தியைச் சொன்னவர் யார் என்று பார்ப்பது போதாது, சொன்னது நடக்கக்கூடியதா என்றும் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். வரலாற்றுக்காக அவர் வகுத்த இந்த உரைகல் கற்பனைக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும் என்பது என் எண்ணம். வரலாறு எழுதுகிறவனுக்குச் சான்று என்னும் ஊன்றுகோல் உண்டு. கற்பனை நாட்டைப் படைப்பவனுக்கு நடக்கக்கூடியது என்னும் ஒன்றைத் தவிர வேறு ஊன்றுகோல் இல்லை.

அவர் கணக்கையே எடுத்துக்கொண்டோம். நூறாண்டுக்கு மூன்று தலைமுறை என்பது இப்னு கல்தூனின் அளவை. 23 தலைமுறைக்கு ஏறத்தாழ 760 ஆண்டுகள். 1820இலிருந்து பின்னோக்கிச் சென்றால் 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிற்போம். முதலாம் இராசேந்திரனின் மக்கள் சோழநாட்டை ஆண்ட காலம். அந்தக் காலத்து மூதாதை மலையுச்சியில் அமர்ந்து என்ன உண்கிறார்? சாமைச்சோறும் மிளகாய்த் துவையலும்! நிழல் தருவது சில்வர் ஓக் மரம். காற்றில் வருவது காப்பிப் பூவின் மணம்.

மறுநாள் காலை திண்ணையில் அமர்ந்து ஒரு விளையாட்டு விளையாடினோம். கண்ணுக்குத் தெரிவனவற்றுள் பின்னால் வந்தவற்றை ஒவ்வொன்றாக நீக்குவது என்பது ஏற்பாடு. முதலில் காப்பிச் செடி போயிற்று. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்னும் ஆங்கிலேயர் காலத்தில், 1820களில்தான் அது இம்மலைக்கு வந்தது. அதற்கு நிழலாக நட்ட சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பிற்று. மிளகாயும் அடிவாரத்து மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துக்குப் போயின. போர்த்துக்கீசியர் கப்பல்கள் இந்துமாக் கடலுக்கு வருமுன் அவற்றை நம் முன்னோர் கண்டதில்லை. தார்ச்சாலை, ஓட்டு வீடு, தேவாலய மணி எல்லாம் போயின. எஞ்சியவை சோலைக்காடு, பாறை, ஊற்று, சாமை, தினை, தேன், காட்டெருமை. மருமகன் சற்று நேரம் பேசாதிருந்தார். “மாமா, நான் பார்த்துப் பார்த்து வருணித்தது இருநூறு வயதுப் பிள்ளையைத்தானா?” என்றார். ஆம். நாம் காணும் ஏற்காடு மிக இளையது. கற்பனை நாட்டின் முற்காலத்தைப் படைப்பவன் எதையும் கூட்டுவதற்கு முன் இப்படிக் கழித்துப் பார்க்க வேண்டும்.

நம் காப்பியப் புலவர்கள் இதை வேறு வழியில் அறிந்திருந்தனர். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் முதலில் நாட்டுப்படலம் வருகிறது, அடுத்து நகரப்படலம், அதன் பிறகே தலைமுறைப் படலம். மழையும் ஆறும் நிலமும் வந்தபின் நகரம், நகரத்தின் பின்னர் மனிதர் கொடிவழி. அரபுநாட்டில் தமிழ்நாட்டு ஆற்றையும் வயலையும் பாய்ச்சிவிட்டார் என்று அவரைக் குறை கூறுவோர் உண்டு. காப்பிய மரபு அறிந்தோர் அவ்வாறு கூறார். நான் காண்பது அந்த வரிசையை. மருமகனோ தலைமுறைப் படலத்திலேயே தொடங்கிவிட்டார்.

இவை திருத்திவிடக்கூடிய பிழைகள். மிளகாயை நீக்கி மிளகை வைத்தால் தீர்ந்தது. ‘மலையில் ஒருவரும் இல்லை’ என்ற வாக்கியம்தான் என்னை உறங்கவிடவில்லை.

ஏற்காட்டிலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூஸ் பூட், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியை அடையாளம் கண்டவர். இந்திய மண்ணில் மனிதனின் தொன்மையைத் திறந்து காட்டிய கல் அது. ஓய்வு பெற்றபின் அவர் ஏற்காட்டில் வாழ்ந்தார். (தமிழ் அகராதியும் பழமொழித் தொகுப்பும் வெளியிட்ட பெர்சிவல் பாதிரியார் இவருக்கு மாமனார், அவரும் 1882இல் ஏற்காட்டிலேயே காலமானார். இந்தச் சிறு மலை எத்தனை பேரைத் தன் மடியில் வைத்திருக்கிறது!) சேர்வராயன் மலையில் புதிய கற்கால மக்கள் தீட்டி வழவழப்பாக்கிய கற்கோடரிகள் கிடைத்துள்ளன. மலைவாழ் மக்கள் அவற்றைக் கண்டெடுத்துச் சிறு கோயில்களில் வைத்து வழிபட்டார்கள் என்று பழைய பதிவுகள் கூறுகின்றன. ஒரு காலத்தில் மரம் வெட்டியவனின் கைக்கருவி, அவனை மறந்துபோன பின்வந்தோர்க்குத் தெய்வப் பொருளாயிற்று.

ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்குமா? முற்காலம் நிகழ்காலத்தில் எப்படி இருக்கிறது என்பதை அந்தக் கல் காட்டுகிறது. அஃது அத்தியாயமாக இருப்பதில்லை. பிறர் கையில், வேறு பெயரில், தவறாகப் பொருள் கொள்ளப்பட்ட ஒரு பண்டமாக இருக்கிறது. நாற்பது பக்கத்தில் ஆசிரியர் தாமே எடுத்துச் சொல்லும் பூர்விகத்தை நான் ஐயுறுவேன். கதையில் ஒரு கிழவி அந்தக் கல்லுக்கு எண்ணெய் தடவினால் ஐயமின்றி நம்பிவிடுவேன்.

மலையில் வாழும் மக்களை மலையாளிகள் என்பர். கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ளலாகாது. இவர்கள் பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளிலும் அது பதிவாகியுள்ளது. காஞ்சியை விட்டுப் புறப்பட்ட சகோதரர் மூவரில் பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் சென்றனராம். இதுவரை நம் மருமகனின் ஏழு மரக்கலக் கதையைப் போலத்தான் இருக்கிறது. ஆனால் கதை அங்கே நின்றுவிடவில்லை. மூத்தவர் கைக்கோளர் பெண்ணையும், அடுத்தவர் வேடர் பெண்ணையும், இளையவர் பள்ளர் பெண்ணையும் மணந்தனர் என்று தொடர்கிறது. காஞ்சிப் பெருமையைச் சொல்ல வந்த கதை, தங்கள் தாய்மார் வேறு குலத்தினர் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறது. படிப்பறியாத கதைசொல்லிக்கு இருந்த நேர்மை அது.

வாழவந்தி என்னும் பெயரையே பாருங்கள். கேட்டவுடன் ‘வாழ வந்தவர்’ என்று காதில் விழுகிறது. மருமகன் அதைக் கொண்டே ஒரு பக்கம் எழுதியிருந்தார். காதில் விழுவதெல்லாம் சொல்லாராய்ச்சி ஆகாது என்று எச்சரித்தேன். ஆனால் கொல்லிமலையிலும் வாழவந்தி நாடு என்று ஒன்று உண்டு. சகோதரர் இருவர் பிரிந்து சென்றதாகச் சொல்லப்படும் இரு மலைகளில் ஒரே பெயர்! இதிலிருந்து வரலாற்றாசிரியன் அவசரப்பட்டு எதையும் முடிவு கட்டக்கூடாது. நாவலாசிரியனுக்கோ இது பெரும் செல்வம். கற்பனை நாட்டிலும் ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருக்கட்டும். ஏன் என்று அங்குள்ளோர் இரண்டு விதமாகச் சொல்லட்டும். ஆங்கிலத்தில் டோல்கீன் தம் கற்பனை உலகத்துக்கு முதலில் மொழிகளையும் பெயர்களையும் படைத்துக்கொண்டு கதைக்கு வந்ததும் இதனால்தான் பயன் தந்தது.

இரண்டு விதமாகச் சொல்வது என்றவுடன் நமக்கு இப்னு துபைல் நினைவுக்கு வரவேண்டும். அந்தலூசியாவில் 12ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய ‘ஹய் இப்னு யக்ளான்’ ஓர் ஆளில்லாத தீவில் நடக்கிறது. இந்தியத் தீவுகளில் ஒன்று என்கிறார். குழந்தை ஹய் அங்கு எப்படி வந்தது? களிமண்ணிலிருந்து தாய்தந்தையின்றித் தோன்றியது என்பது ஒரு கூற்று. பக்கத்துத் தீவில் ஓர் இளவரசி பெட்டியில் வைத்துக் கடலில் விட்ட குழந்தை என்பது மற்றொன்று. இரண்டையும் வைத்துவிட்டு ஆசிரியர் மேலே செல்கிறார். பிறகு நடப்பது மனித குலத்தின் முற்காலமே: இலையால் உடுத்தல், கழுகின் இறகைப் போர்த்தல், நெருப்பைக் காணல், வளர்த்த மான் இறந்தபோது உயிர் எங்கே போயிற்று என்று அதன் மார்பைத் திறந்து தேடல். ஆளில்லாத நிலத்தில் கதை தொடங்கலாமா என்றால், தொடங்கலாம். அங்கு மனிதன் எல்லாவற்றையும் தானே கண்டுபிடிக்கும் துன்பத்தை எழுதத் துணிந்தால். மருமகனின் மூதாதைக்கு அந்தத் துன்பம் இல்லை. அவருக்கு முதல் நாளே சாமைச்சோறு வந்துவிடுகிறது!

தமிழில் கற்பனை நகரம் ஒன்றுக்கு முற்காலம் படைத்த பெருமுயற்சி ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ (1997). நகரின் நடுவே பெருங்கோயில். உள்ளே படுத்த கோலத்தில் பேருருவச் சிலை. ஊரார் அதைத் திருமால் என்கின்றனர். காட்டு மக்களோ, அது தங்கள் பெருமூப்பன் என்கின்றனர். ஒரே கல், இரண்டு உரிமை. நாவலின் முதற்பகுதியில் புராணமாகக் கேட்ட செய்திகளின் மூலம், காலத்தால் முந்திய இரண்டாம் பகுதியில் நேரில் நடக்கிறது. நாம் நம்பியது எவ்வளவு திரிந்திருந்தது என்று அப்போது தெரிகிறது. சேர்வராயன் மலைக் கற்கோடரியின் பாடம் அங்கே பெரிய அளவில் எழுதப்பட்டிருக்கிறது. குறை இல்லையா? உண்டு. அந்தக் கோபுரங்களை எழுப்பியவர்களுக்கு நெல் எந்த வயலில் விளைந்தது என்பதை, வாதங்களைக் காட்டிய அளவுக்கு நாவல் காட்டவில்லை. இப்னு கல்தூன் அங்கே ஒரு கேள்வி கேட்பார். ஆயினும் அது ஆளில்லாத காட்டில் தொடங்கவில்லை. அதுவே அதன் வலிமை.

மருமகன் ஒரு மறுப்புச் சொன்னார். “மாமா, நம் ஊர்களில் எல்லாரும் இப்படித்தானே சொல்கிறார்கள்? எங்கள் முப்பாட்டனார் அரபுநாட்டிலிருந்து கப்பலில் வந்தார் என்று?”

உண்மைதான். நம் கடற்கரைப் பட்டணங்களில் அத்தகைய கொடிவழி சொல்லாத குடும்பம் குறைவு. பருவக்காற்றோடு வணிகர் வந்தனர், தங்கினர் என்பதை மறுக்க வேண்டியதும் இல்லை. ஆனால் மரக்கலத்தில் வந்தவரை மட்டும் பெயர் சொல்லி நினைவு வைத்து, கரையில் நின்றவளை நாம் பெயரின்றி விட்டுவிட்டோம். அவள் பேசியதே நம் மொழியாயிற்று. அரபெழுத்தில் எழுதினாலும் அர்வி என்பது தமிழாகவே இருப்பது அவளால். தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோரக் கிராமத்தின் கதை’யில் வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி எதைக் கொண்டு ஊரை அடக்கி ஆள்கிறார்? செல்வம் மட்டுமா? குடும்பத்தின் பழம்பெருமையும் அல்லவா? பூர்விகக் கதை ஒருவர் கையில் அதிகாரமாகிறது. வேறொருவரை நிலத்திலிருந்து நீக்குகிறது. மலை ஆளில்லாதிருந்தது என்று ஒரு நாவல் சொல்லுமாயின், அந்த மலையில் இன்று சாமை விதைப்பவர் அந்தப் பக்கத்தைப் படிக்க நேர்ந்தால் என்ன எண்ணுவார்? கற்பனை நாடு என்று பெயரை மாற்றிவிட்டதால் அவருக்கு அது தம் மலையென்று தெரியாமல் போய்விடுமா?

புறப்படும் அன்று காலை கைப்பிரதியைத் திருப்பிக் கொடுத்தேன். 23 தலைமுறையை என்ன செய்வது என்று கேட்டார். கதைக்குள் இருக்கும் ஒரு பெரியவரின் வாயில் போட்டுவிடலாம், அவர் சொல்லும்போது பக்கத்தில் ஒருவர் சிரிக்கட்டும் என்றேன். பிறகு ஒரே ஒரு கேள்வியைப் பென்சிலால் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்: மூதாதை மலையேறி வந்த அன்று அவருக்கு அந்தச் சாமைச்சோற்றை ஆக்கிப் போட்டவள் யார்?

மருமகன் அதை இரண்டு முறை படித்தார். குப்பனூர் வழியாகக் கீழே இறங்கும் வரையில் ஒன்றும் பேசவில்லை. அடிவாரத்தில் தேநீர் குடிக்க நின்றபோது, “அவளுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் மாமா” என்றார்.